பேகன் வழிபாட்டைத் தொடங்கி நடத்துவதும், பிற மரபுகளின் வாசலுக்கு விருந்தாளியாகப் போவதும்

பேகன் வழிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டில் ஒரு வழிபாட்டு மேடை. அதோடு கையில் கிடைக்கிற எல்லா மரபுகளிலும் ஒரு சுற்று. ஆறு மாதத்தில் மேடையில் நார்ஸ் எனப்படும் பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வம், எகிப்தியத் தெய்வம், கிரேக்கத் தெய்வம் எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கும். எதனோடும் பழக்கம் இருக்காது. சரியான வரிசை இதுதான்: முதலில் ஓராண்டு, ஒரே முறை, ஒரே இடம். அதன்பின் பிறர் வாசல். சொந்தமாக ஒரு நடைமுறை கையில் இருப்பவர் மற்றவர் சடங்கில் அமைதியாக உட்கார முடியும். இல்லாதவருக்குப் பார்ப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வரத் தோன்றும்.

இங்கே பேகன் என்று சொல்வது கிறித்துவத்துக்கு முந்தைய ஐரோப்பிய, மத்தியதரைக்கடல் சமயங்களை அடியொற்றி இன்று நடைமுறையில் இருக்கும் வழிகளை. பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகு ஜெரால்ட் கார்ட்னர் வெளியுலகுக்குக் கொண்டுவந்த விக்கா என்ற சூனிய வழி, 1964-ல் கெல்ட் மக்களின் பழைய பூசாரிகளான ட்ரூயிட்களின் பெயரில் ராஸ் நிக்கல்ஸ் புதிதாக அமைத்த சங்கம், ஐஸ்லாந்தில் 1972-ல் தொடங்கி அடுத்த ஆண்டே அரசின் அங்கீகாரம் பெற்ற, நார்ஸ் தெய்வங்களை வழிபடும் ஆசாட்ரூ அமைப்பு, ஹெலனியர் எனப்படும் கிரேக்க மரபினர், ரோமானிய மரபினர் எல்லோரும் இதில் அடக்கம். இவர்கள் அனைவருக்கும் பொதுவான வேதம் கிடையாது, தலைமைப் பீடம் கிடையாது. சடங்கு தவறினால் திருத்த மேலே ஒருவர் இல்லை. ஆகவே முறையாகப் பழகும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

முதல் ஆண்டு

ஒரு மரபைத் தேர்ந்தெடுங்கள். எது உயர்ந்தது என்ற ஆராய்ச்சி வேண்டாம். எந்தக் கதைகளையும் தெய்வங்களையும் ஏற்கெனவே கொஞ்சம் அறிவீர்களோ அதிலிருந்து தொடங்குவது எளிது. ஓராண்டு முடியும்வரை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்காவில் தீட்சைக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் பயிற்சி என்ற வழக்கம் உண்டு. காரணம் எளிமையானது: நான்கு பருவங்களும் ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்தால்தான் எது நிலைக்கிறது, எது வெறும் ஆரம்ப உற்சாகம் என்று தெரியும்.

மேடைக்கு 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் போதும். ஒரு விளக்கு அல்லது மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் தண்ணீர், படையலுக்கு ஒரு தட்டு, அந்தப் பருவத்தில் தரையில் உதிர்ந்து கிடைக்கும் ஒரு இலையோ விதையோ கல்லோ. இவ்வளவுதான். கத்தி, கோல், கிண்ணம், சிலை என்று முதல் மாதமே வாங்கிக் குவிக்காதீர்கள். இன்ன பொருள் இல்லாமல் இன்ன வேலை நடக்கவில்லை என்று கைக்குத் தெரிந்த பிறகு வாங்கும் பொருள்தான் மேடையில் நிலைக்கும். நெருப்புக்கு மேலே அலமாரித் தட்டு இருக்கக் கூடாது. திரைச்சீலை, காகிதம், உலர்ந்த மூலிகை எதுவும் 30 செ.மீ.க்குள் வேண்டாம். அகலக் கைகள் தொங்கும் அங்கி அணிபவர்கள் அங்கியின் கையை மேலே மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். சடங்குகளில் நடக்கும் தீ விபத்துகளில் இந்தத் தொங்கும் துணிக்குப் பெரிய பங்கு உண்டு.

தினசரி வழிபாடு பத்து நிமிடம். கையைக் கழுவுங்கள். விளக்கேற்றுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். இப்படி ஐந்து முறை. யாரை அழைக்கிறீர்களோ அவர் பெயரைச் சொல்லித் தண்ணீரைப் படையுங்கள். நான்கைந்து வரிகளை முன்பே எழுதி வைத்து, குறைந்தது ஒரு மாதம் அதே சொற்களைச் சொல்லுங்கள். நாள்தோறும் புதிதாகச் சொல்ல முயன்றால் கவனமெல்லாம் சொல் தேடுவதிலேயே போய்விடும். மனப்பாடமான பிறகுதான் சொல்லுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்க முடிகிறது. பிறகு ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்காருங்கள். நன்றி சொல்லி விளக்கை அணைத்து, தண்ணீரை அன்றே வெளியே செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஹெலனிய வழியினர் இந்த வரிசைக்கு முன்னும் பின்னும் அடுப்புக்குரிய ஹெஸ்டியாவுக்கு ஒரு சொல் சேர்ப்பார்கள். முதல் பங்கும் கடைசிப் பங்கும் அவளுக்கு.

இந்த நடைமுறை குலைவதற்கு வழக்கமான காரணம், தொடக்கத்திலேயே ஒரு மணி நேரச் சடங்கு வைத்துக்கொள்வது. முதல் வாரம் நன்றாகப் போகும். மூன்றாவது வாரம் ஒரு நாள் விடும், அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்த நாளும் விடும். உடம்பு சரியில்லாத நாளுக்கென்று ஒரு சிறு வடிவத்தையும் முன்பே தீர்மானித்து வையுங்கள்: படுத்தபடியே மூன்று மூச்சு, ஒரு பெயர். அதுவும் கணக்கில் சேரும்.

தூபத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். குந்திரிக்கம், சாம்பிராணி போன்ற பிசினைப் போடக் கரிவில்லை தேவை. தானே பற்றும் வில்லைகளில் வெடியுப்பு கலந்திருக்கும். தடித்த கிண்ணத்தில் 2 முதல் 3 செ.மீ. ஆழத்துக்கு உலர்ந்த மணல் போடுங்கள். மணல் இல்லாவிட்டால் சூட்டில் கிண்ணம் விரியும், மேசை கருகும். வில்லையை இடுக்கியால் பிடித்து ஓர் ஓரத்தில் மட்டும் நெருப்புக் காட்டுங்கள். சிறு பொறிகள் படபடவென்று மறுமுனைக்கு ஓடும். அந்த நேரத்துப் புகையில் மருந்து நெடி இருக்கும். அப்போது பிசினைப் போடாதீர்கள். வில்லையைக் குழி மேலே தெரியும்படி மணலில் வைத்து, விளிம்பு சாம்பல் பூக்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு பட்டாணி அளவு பிசின், ஒன்றே ஒன்று. நிறையப் போட்டால் மணம் கூடாது, கரும்புகைதான் வரும். பிசின் உருகி, நுரைத்து, கடைசியில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும்; அந்தக் கறுப்பைக் கத்தி நுனியால் சுரண்டித் தள்ளிவிட்டு அடுத்த துண்டைப் போடுங்கள். சுரண்டாமல் விட்டால்தான் கருகல் வாடை. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். பறவை வளர்க்கும் அறையில் தூபமே வேண்டாம். முடிந்ததும் வில்லை வெளியே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே மணிக்கணக்கில் கனலும். குப்பையில் போடாமல் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மிச்ச வில்லைகளைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறியது பற்றாது, பற்றினாலும் வெடித்துச் சிதறும்.

நஞ்சுச் செடிகள் ஒரு பெரிய ஆபத்து. ஊமத்தை, அரளி, பெல்லடோனா, அக்கோனைட், யூ மரம் எல்லாம் பழைய சூனியக் கதைகளில் வருகின்றன என்பதற்காக எரிக்கவோ குடிக்கவோ கூடாது. அரளிக் கட்டையின் புகைகூட நஞ்சு. கருவுற்றவர்கள் மாசிபத்திரி வகைகளைத் தவிர்க்க வேண்டும். தேயிலை மர எண்ணெய் பூனைகளுக்கு ஆகாது.

நோட்டுப் புத்தகம் ஒன்று வையுங்கள். தேதி, நிலவின் நிலை, வானிலை, என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம், தூக்கம் எப்படி, சாப்பிட்டீர்களா. கடைசி இரண்டையும் விடாதீர்கள். அவை ஏன் என்பது அனுபவங்களைப் பற்றிப் பேசும்போது புரியும்.

எட்டுத் திருநாட்கள்

விக்காவிலும் ட்ரூயிட் வழியிலும் ஆண்டுக்கு எட்டு விழாக்கள். பகல் மிகக் குறுகிய குளிர்காலக் கதிர்த்திருப்பத்தில் யூல், பிப்ரவரி 1-ல் இம்போல்க், மார்ச் சமபகலிரவில் ஒஸ்தாரா, மே 1-ல் பெல்டேன், பகல் மிக நீண்ட கோடைக் கதிர்த்திருப்பத்தில் லித்தா, ஆகஸ்ட் 1-ல் லூனசா, செப்டம்பர் சமபகலிரவில் மேபன், அக்டோபர் 31 மாலையில் சாவின். இந்த எட்டும் தொன்றுதொட்டு ஒரே மக்களால் ஒன்றாகக் கொண்டாடப்பட்டவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இம்போல்க், பெல்டேன், லூனசா, சாவின் நான்கும் அயர்லாந்தின் பழைய விழாக்கள். எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். லித்தா, மேபன் என்ற பெயர்கள் இந்த விழாக்களுக்கு ஒட்டியது 1970களில். இதை அறிந்திருப்பது வழிபாட்டின் மதிப்பைக் குறைக்காது. பொய்யான பழமையை நம்பிக் கட்டிய பக்தி முதல் வரலாற்றுப் புத்தகத்தைப் படித்ததுமே இடிந்து விழுகிறது. உண்மையை அறிந்து கட்டியது நிற்கிறது.

கதிர்த்திருப்பமும் சமபகலிரவும் ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு நாள் நகரும்: ஜூன் 20–22, டிசம்பர் 20–23, மார்ச் 19–21, செப்டம்பர் 21–24. அந்த ஆண்டின் வானியல் நாட்காட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நான்கையும் சிலர் சூரியனின் சரியான நடுப்புள்ளியில் வைப்பார்கள்; அப்படியானால் அவை பிப்ரவரி 4, மே 5, ஆகஸ்ட் 7, நவம்பர் 7 ஆகியவற்றை ஒட்டி விழும்.

தெற்கு அரைக்கோளத்தில் வாழ்பவர்கள் ஆறு மாதம் மாற்றிக்கொள்கிறார்கள்: ஜூனில் யூல், டிசம்பரில் லித்தா. அங்கே சூரியன் வடக்குப் பக்கமாக நகர்வதால் வட்டச் சடங்கில் சூரிய வழியில் சுற்றுவதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையாகிறது. நெருப்பின் திசையைத் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றுபவர்களும் உண்டு. வெப்ப மண்டலத்தில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், மிகக் குறுகியது 8 மணி நேரத்துக்கும் கீழே போகும். பூமத்திய ரேகையில் எல்லா நாளும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். இருள் மடிந்து ஒளி பிறக்கிறது என்று யூலில் சொல்வது அங்கே பொருந்தாது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் முதல் ஆண்டு எட்டுத் தேதிகளிலும் வெளியே போய் அன்று மழை, காற்று, பூ, பறவை எப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு உங்கள் ஊரின் உண்மையான திருப்பங்களில் விழாவை வையுங்கள். பேகன் வழியின் உயிரே காலடியில் இருக்கும் மண்ணோடு உறவாடுவதுதான். வேற்று மண்ணின் பனியை நடித்துக் காட்டுவதில் அந்த உறவு வளராது.

நிலவுக்கான சடங்குகள் தனி. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள். ஆகவே சில ஆண்டுகளில் 13 பௌர்ணமி வரும். தொடக்கத்தில் பௌர்ணமி மட்டும் போதும்.

வட்டச் சடங்கு

விக்கா முறையில் ஒரு முழுச் சடங்குக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். கார்ட்னர் வழியில் வட்டத்தின் குறுக்களவு 9 அடி. தனியாகச் செய்பவருக்கு 5 அடியே தாராளம். உள்ளே வர வேண்டியதையெல்லாம் முதலில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். தீப்பெட்டியை மறந்து வெளியே போவதுதான் எல்லோருக்கும் நேரும் குறை. தொலைபேசியை அணையுங்கள்.

ஒரு கிண்ணத் தண்ணீரில் மூன்று சிட்டிகை உப்புக் கலந்து, கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றித் தெளியுங்கள். அடுத்த சுற்று தூபத்தோடு. மூன்றாம் சுற்று வெறும் விரலாலோ கோலாலோ எல்லையை வரைந்தபடி. பிறகு கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் மண் என்று நான்கு திசையிலும் நின்று வரவேற்பு. அதன்பின் தெய்வ அழைப்பு, அந்த நாளுக்குரிய வேலை, ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு பானமும். கடைசியில் அழைத்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறி வழியனுப்புங்கள். இந்த வழியனுப்பலைப் பலர் களைப்பில் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மனம் சடங்கிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அன்றிரவு தூக்கம் பிடிக்காது. முடிந்ததும் உள்ளங்கையைத் தரையில் பதித்து இரண்டு நிமிடம் உட்கார்ந்து, திடமான உணவு ஏதாவது சாப்பிடுங்கள். வண்டி ஓட்டுவதாக இருந்தால் அரை மணி நேரம் கழித்து.

தலைசுற்றி விழுபவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு, மூடிய அறையில், நெடுநேரம் நின்றவர்கள். அதைத் தெய்வ ஆவேசம் என்று நினைத்துச் சடங்கைத் தொடரக் கூடாது. உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்து, தண்ணீர் கொடுங்கள்.

இந்த வட்டம் எல்லாப் பேகன்களுக்கும் பொது அல்ல. ஆசாட்ரூ போல நார்ஸ் தெய்வங்களை வழிபடும் ஹீதன்கள் நான்கு பூதங்களை அழைப்பதில்லை. ட்ரூயிட்கள் நான்கு திசைக்கும் அமைதி கூறி, 'அவென்' என்ற சொல்லை நீட்டி மூன்று முறை பாடுவார்கள். ரோமானிய முறையில் தலையை மூடிக்கொண்டும், கிரேக்க முறையில் தலையைத் திறந்தும் படைப்பார்கள். மேலுலகத்து ஒலிம்பியத் தெய்வங்களுக்கு உள்ளங்கை மேல்நோக்கி, நிலத்தடித் தெய்வங்களுக்குக் கீழ்நோக்கி. மேலுலகத் தெய்வத்துக்குப் படைத்ததைப் பகிர்ந்து உண்ணலாம். நிலத்தடிக்குப் படைத்தது முழுவதும் மண்ணுக்கே. ஒரு தெய்வத்தை அழைக்கும்போது அத்தெய்வத்துக்கு உரிய முறையில் அழையுங்கள்.

வெளியிடத்தில் படையல்

காட்டிலும் கல்வட்டங்களிலும் ஊற்றுகளிலும் படைப்பவர்கள் நல்ல மனத்தோடுதான் அந்த இடங்களைக் கெடுக்கிறார்கள். விதி ஒன்று: நாளைக் காலை அங்கே வருபவருக்கு நீங்கள் வந்த தடயம் தெரியக் கூடாது. தண்ணீர், சொல், பாட்டு, குப்பை பொறுக்குதல் ஆகியவைதான் பழுதில்லாத படையல்கள். தேன் ஊற்றாதீர்கள்; தேனீக்களின் புழுக்களைக் கொல்லும் நோயின் வித்துகள் தேனில் இருக்கலாம், ஊற்றியதை உறிஞ்சும் தேனீ அதைக் கூட்டுக்குக் கொண்டுபோகும். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. உப்பு கலந்த நீர் செடியின் வேரைக் கருக்கும்; சடங்கு முடிந்த உப்பு நீரைக் கைகழுவும் தொட்டியில்தான் கொட்ட வேண்டும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் மாட்ரன் ஊற்றருகே நோய் தீர வேண்டித் துணி கட்டும் பழக்கம் உண்டு; துணி மக்கும்போது நோயும் தீரும் என்பதே அதன் பொருள். நைலான் நாடா மக்கவே மக்காது, கிளை பருக்கும்போது அதை நெரிக்கும். கட்டியே ஆக வேண்டுமானால் சாயமேறாத பருத்தி நூல், தளர்வாக.

தொல்கற்களின் மேல் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள். வில்ட்ஷயரின் வெஸ்ட் கென்னட் புதைமேட்டுக்குள் சிறு மெழுகுவர்த்திகளின் கரியும் மெழுகும் கல்லில் படிந்து அழியாத கறையாகியிருக்கின்றன. சூட்டில் கல் செதில் செதிலாகப் பெயரும். கல்லில் வளரும் பாசிப்படலம் மீண்டு வர மிக நீண்ட காலம் பிடிக்கும். படிகக்கல் புதைப்பதும் தவறு: பின்னால் தோண்டும் ஆய்வாளருக்கு அது பொய்ச் சான்று.

அனுபவங்களை எடைபோடுதல்

கனவில் உருவம், பெயர் சொல்லி அழைக்கும் குரல், தியானத்தில் வரும் கட்டளை: இவை பயிற்சி செய்பவர்களுக்கு வரும். இவற்றை உடனே நம்பவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். நோட்டில் மூன்று பத்தி வகுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் நடந்தது மட்டும், விளக்கமில்லாமல். இரண்டாவதில் உங்கள் பொருள்கோள். மூன்றாவதில் வேறு காரணங்கள்: தூக்கமின்மை, பசி, முந்தைய நாள் பார்த்த படம். தூங்கவும் விழிக்கவும் இடைப்பட்ட நேரத்தில் குரலும் உருவமும் தோன்றுவது உடலின் இயல்பு; அது யாருக்கும் நேரும். பிறகு அந்த மரபின் பழைய நூல்களோடு ஒப்பிடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒரு விவரம் நூலில் இருப்பதாகக் கண்டால் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் படியுங்கள். அதுவரை யாருக்கும் அதைத் தெய்வ வாக்காகச் சொல்லாதீர்கள். உங்கள் தனி அனுபவம் உங்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

அனுபவத்தின் சூட்டில் சபதம் செய்வது மிகப் பெரிய தவறு. தெய்வத்துக்கு வாழ்நாள் அடிமை என்று முதல் பௌர்ணமியிலேயே வாக்குக் கொடுப்பவர்கள் பின்னால் தவிக்கிறார்கள். நேர்த்திக்கு எல்லை வையுங்கள்: இன்ன செயல், இன்ன நாள்வரை, முடிக்க முடியாவிட்டால் ஈடாக இன்னது. எழுதி, குறைந்தது ஒரு மாதம் வைத்திருந்து, அதன் பிறகும் மனம் அதே இடத்தில் நின்றால் சொல்லுங்கள்.

நாள் கணக்கில் தூக்கம் இல்லாமல் குரல்கள் தொடர்ந்தாலோ, தன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொன்னாலோ, சடங்குகளை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உண்மையான தெய்வம் சிகிச்சை முடியும்வரை காத்திருக்கும்.

பிறர் வாசல்

முதலில் பேகன் குழுக்கள். போகும் முன் கேளுங்கள்: யார் நடத்துகிறார், எவ்வளவு நேரம், மது உண்டா, ஆடையில்லாமல் செய்யும் முறையா, பணம் எவ்வளவு. மரபுவழி விக்காவில் தீட்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது நெறி. மண்டப வாடகைப் பங்கு வேறு விஷயம். பதில் சொல்லாமல் மழுப்பினால் போகாதீர்கள். அமெரிக்க ட்ரூயிட் ஐசக் பொனவிட்ஸ் 1979-ல் ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தார்: தலைவரின் அதிகாரம், பணம், பாலுறவு வற்புறுத்தல், வெளியுறவுகளைத் துண்டித்தல், விலகுவோரைத் தடுத்தல் போன்ற ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். இன்றும் அது பயன்படும். ஹீதன் குழுக்களில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: பிறப்பைப் பார்த்துச் சேர்க்கிறார்களா? இனத்தை நுழைவுச் சீட்டாக்கும் போக்கை மறுத்து 2016-ல் பல ஹீதன் அமைப்புகள் 'பிரகடனம் 127' என்ற அறிக்கையில் கையெழுத்திட்டன. நேராகக் கேட்டால் நல்ல குழு நேராகவே பதில் சொல்லும்.

ஹீதன்களின் சும்பல் சடங்கில் குடிகொம்பு கைமாறி வரும். பொதுவாக மூன்று சுற்று: தெய்வங்களுக்கு, முன்னோருக்கு, பிறகு அவரவர் விருப்பத்துக்கு. கொம்பை இரு கையாலும் வாங்குங்கள். வளைந்த நுனி வானத்தைப் பார்க்கப் பிடித்துச் சாய்த்தால் உள்ளே காற்று அடைபட்டு, சட்டென்று விடுபட்டு, பானம் முழுதும் முகத்தில் கொட்டும். நுனியைப் பக்கவாட்டில் திருப்பி மெல்லச் சாய்த்தால் ஒழுங்காக வரும். குடிக்காதவர்கள் கொம்பை உயர்த்தி, விளிம்பை உதட்டில் தொட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம்; அது முறைதான். விருந்தாளி அங்கே சபதம் எதுவும் சொல்லக் கூடாது. கொம்பின் மேல் சொன்ன வாக்கு பொய்த்தால் அது அந்த அவை முழுவதையும் பாதிக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். முன்னோரை நினைத்து ஒரு வரி போதும்.

பேகன் அல்லாத இடங்களில் பொது நெறி: பின்னால் உட்காருங்கள், மற்றவர் எழும்போது எழுங்கள், முழந்தாளிட மனமில்லாவிட்டால் அமைதியாக உட்கார்ந்திருங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்கும் வரிசையில் விருந்தாளி அப்பம் வாங்கக் கூடாது. குருத்வாராவில் தலையை மூடி, செருப்பைக் கழற்றி, புகையிலையோ மதுவோ உடம்பில் இல்லாமல் போங்கள். பிரசாதத்தை இரு கையாலும் ஏந்துங்கள். கிறித்துவப் பிரிவினரான குவேக்கர்களின் கூட்டம் ஒரு மணி நேர மௌனம். பேச வாய்ப்பிருந்தாலும் முதல் தடவை வேண்டாம். தினசரி ஐந்து நிமிட மௌனம் பழகியவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய கொடை.

ஜப்பானின் ஷிண்டோ ஆலயங்கள் பேகன்களுக்கு மிக நெருக்கமாகத் தோன்றும். மரமும் பாறையும் அருவியும் அங்கே வழிபடப்படுகின்றன. வாயில் தூணருகே ஒரு முறை தலைவணங்கி, நடுவழியை விட்டு ஓரமாக நடங்கள், நடுவழி தெய்வத்துக்கு. தொட்டியில் அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவி, மீண்டும் வலக்கைக்கு மாற்றி, இடவுள்ளங்கையில் நீர் ஏந்தி வாயைக் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. இடக்கையை மறுபடி கழுவி, அகப்பையை நிமிர்த்தி மிச்ச நீர் பிடியில் வழியவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். ஒரே அகப்பை நீரில் இத்தனையும் முடிய வேண்டும். காணிக்கை இட்டு, இரண்டு வணக்கம், இரண்டு கைதட்டல், ஒரு வணக்கம். இசுமோ ஆலயத்தில் நான்கு கைதட்டல்.

ஆப்பிரிக்க வேர் கொண்ட வூடூ (ஹைட்டி), கந்தோம்பிளே (பிரேசில்) போன்ற மரபுகள் தீட்சையும் குருவழியும் உடையவை. பொதுவிழாவுக்கு விருந்தாளியாகப் போகலாம், வெள்ளை உடை உத்தமம். சாமி இறங்கியவரை நீங்களாகத் தொடாதீர்கள். உதவ அங்கே ஆட்கள் உண்டு. வீட்டுக்கு வந்து அவர்களுடைய தெய்வங்களை உங்கள் மேடையில் அழைக்காதீர்கள். யார் எப்போது அழைக்கலாம், யாரை முதலில் அழைக்க வேண்டும், எதைப் படைக்கக் கூடாது என்பதெல்லாம் அங்கே வாய்வழியாக, வருடக்கணக்கில் கற்பிக்கப்படுவது.

அமெரிக்கப் பழங்குடிச் சடங்குகளில் இன்னும் கவனம் தேவை. தங்கள் சடங்குகள் விற்பனைப் பொருளாவதை எதிர்த்து லகோட்டா மக்கள் 1993-ல் வெளிப்படையான கண்டன அறிவிப்பே வெளியிட்டார்கள். 2009-ல் அரிசோனாவில் சூடேற்றிய கற்களால் வியர்க்கவைக்கும் சடங்குக் குடிலை வெளியார் பணம் வாங்கி நடத்தியபோது அந்த வியர்வைக் குடிலில் மூவர் உயிரிழந்தார்கள். அளவு மீறிய கூட்டம், கட்டுக்கடங்காத சூடு, வெளியே வரத் தயங்கவைத்த வற்புறுத்தல். அழைப்பு அந்த மக்களிடமிருந்தே நேரடியாக வராவிட்டால் போகாதீர்கள். வெள்ளைச் சேஜ் புகையும் அப்படியே: தெற்கு கலிபோர்னியாவில் அந்தச் செடி திருட்டுத்தனமாக வெட்டப்பட்டுச் சந்தைக்கு வருகிறது. இடத்தைப் புகையால் தூய்மை செய்ய ரோஸ்மேரி போதும். ஸ்காட்லாந்து மரபில் ஜூனிப்பர் கிளையை எரிப்பது பழைய வழக்கம்.

எதை எடுத்துவரலாம்? அமைதியாக உட்காரும் விதம், மூச்சு, கைகழுவும் ஒழுங்கு, விருந்தோம்பல், பாட்டை மனப்பாடம் செய்யும் முறை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். யாரிடமிருந்து கற்றோம் என்பதை நோட்டில் எழுதிவிடுங்கள். தெய்வப் பெயர், தீட்சைப் பெயர், மந்திரம், அணிகலன், அவர்கள் நோயாளிக்குச் செய்யும் சடங்கு ஆகியவற்றை அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அந்த மரபைச் சேர்ந்தவரிடமே கேளுங்கள்: "இதை நான் வீட்டில் செய்தால் உங்களுக்கு வருத்தமா?" ஆம் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

போய் வந்த அன்று விருந்தளித்தவருக்கு நன்றி எழுதுங்கள். உங்கள் மேடையில் ஒரு பருவம் முழுக்க எதையும் மாற்றாதீர்கள். அந்தப் பருவம் கழிந்தும் ஈர்ப்பு தணியாவிட்டால் மறுபடி போய், கற்க வழியுண்டா என்று கேளுங்கள். சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பழைய நடைமுறையை அவர்கள் விடச் சொல்கிறார்களா, கூடவே வைத்துக்கொள்ள அனுமதிக்கிறார்களா என்பது. சில மரபுகள் இரண்டையும் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. தீட்சைத் தேதியை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைத் தெளிவாகப் பேசி முடித்துவிடுங்கள்.